கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பன் என்னிடம் வந்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா, சி.என்.சி. பத்தி எழுது, எலெக்ட்ரிக் வண்டி பத்தி எழுது" என்றுதான் சொன்னான். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். சி.என்.சி. பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் துறையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் இப்போது எழுதப்போகும் விஷயம், நம் கல்லூரியில் பல பேர் அனுபவித்தும் ஒருவரும் வாய் திறக்காத விஷயம். சரி, நாமாவது திறப்போமே என்று எழுதுகிறேன்.

மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதா? பயந்துபோய்த் தூக்கி எறிவதா? இரண்டும் தவறு என்பது என் கருத்து. அந்த இரண்டு தவறையும் நானே செய்து பார்த்துவிட்டேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

கட்டுரைக்குக் கீழே என் பெயர் இருக்காது. "நாளைக்கு உனக்கு வேலை, கல்யாணம்னு எல்லாம் இருக்குப்பா" என்று அம்மா கேட்டுக்கொண்டார். அந்தப் பயம் நியாயமானதுதானா என்று கட்டுரையைப் படித்து முடித்தபிறகு நீங்களே சொல்லுங்கள்.

என் கதை கொஞ்சம்

இரண்டாம் ஆண்டில் எனக்கு இரண்டு அரியர். அது பெரிய விஷயமில்லை. அரியர் வைக்காதவர் நம்மில் எத்தனை பேர்! ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் வேறு. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு விடிகிறவரை தூக்கம் வராது. சோறு இறங்காது. கிரிக்கெட் மட்டையைத் தொடவே பிடிக்கவில்லை. டவுன் பஸ்ஸில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், இப்பவே செத்துவிடுவோம் என்று தோன்றும். இ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். "இதயத்துல ஒண்ணும் இல்ல, மனநல டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பா ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷம். "தூக்கம் வருதா? பசிக்குதா?" என்று இரண்டு கேள்வி, இரண்டு மாத்திரை. ஒன்று எஸ்சிடாலோபிராம், இன்னொன்று குளோனசெபாம். "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். நாங்கள் போகவில்லை. ஃபீஸ் கொடுப்பது அப்பாவுக்குக் கஷ்டம். பழைய சீட்டையே மெடிக்கல் ஷாப்பில் நீட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன், கடைக்காரரும் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்தில் படபடப்பு நன்றாகக் குறைந்தது. மாத்திரை வேலை செய்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் காலையில் தலை கனக்கும், ஒரு மப்பாகவே இருக்கும். ஒருநாள் முதல் பீரியட் ஒர்க்‌ஷாப். லேத்தில் ஜாப்பைப் பிடித்து இறுக்கினேன். சக் கீயை எடுக்க மறந்து ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன். பக்கத்து லேத்தில் நின்ற நண்பன் "டேய்!" என்று கத்திக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டான். மெக்கானிக்கல்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்ற துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சாவி சக்கிலேயே இருக்கும்போது லேத் சுற்றினால் அது தெறித்துப் பறக்கும். என் முகத்தில் பாய்ந்திருக்கலாம், அவன் முகத்தில் பாய்ந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே இரண்டு மாத்திரையையும் சாக்கடையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் சுரீர் சுரீர் என்று ஒரு உணர்ச்சி. தலைசுற்றல், கை நடுக்கம். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. 'மாத்திரைக்கு அடிமை ஆயிட்டோம், அவ்வளவுதான்' என்று முடிவே கட்டிவிட்டேன். பிராக்டிகல் பரீட்சைக்குப் போகவில்லை. இருந்து என்ன பண்ணப் போறோம் என்கிற எண்ணம்கூட வந்தது. நாலு நாளாக நான் பஸ்ஸில் வரவில்லை என்று தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், லேத்தில் என் கையைத் தட்டிவிட்ட அதே நண்பன்தான். "கிளம்பு, ஜி.ஹெச்.சுக்குப் போவோம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

அந்த இருபது நிமிஷம்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூட்டம் அலைமோதியது. இங்கேயும் ரெண்டு நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் கதையை முழுவதும் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"லேத்துல நிக்கிற பையன்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னியாப்பா?"

"இல்ல மேடம். அவர் கேக்கல."

"சரி, அவர் கேக்கல. நீயும் சொல்லல. காலையில எட்டரை மணிக்கு நீ மெஷின் முன்னால நிப்பேன்னு சீட்டு எழுதுறவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் இல்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு இழுத்து மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில், மாத்திரையால் என்ன நன்மை. இரண்டாவதில், மாத்திரையால் என்ன தொல்லை. மூன்றாவதில், மாத்திரையே சாப்பிடாவிட்டால் என்ன ஆகும். "எந்த மாத்திரையா இருந்தாலும் இந்த மூணு கட்டத்தையும் ரொப்பிப் பாரு தம்பி. பாதிப் பேர் ரெண்டாவது கட்டத்தை மட்டும் பாத்துட்டு நிறுத்திடுறாங்க. மீதிப் பேர் முதல் கட்டத்தை மட்டும் பாத்துட்டு வருஷக்கணக்கா முழுங்குறாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் சாப்பிட்டது ஒரே மாதிரியான இரண்டு மாத்திரை அல்ல என்று. எஸ்சிடாலோபிராம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உள்ள மருந்து. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில பேருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி, தூக்கத்தில் மாற்றம் வரலாம். பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். போதைப் பொருள் மாதிரி இதற்கு ஏங்க மாட்டோம், அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி உடம்பு கேட்காது. ஆனால் பல வாரம் பழகியபின் திடீரென்று நிறுத்தினால், நான் பட்ட அந்தக் கரண்ட் அடிக்கிற உணர்ச்சி, தலைசுற்றல் எல்லாம் வரும். படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் அந்த அவஸ்தை பெரிதும் குறையும்.

குளோனசெபாம் வேறு ஜாதி. சாப்பிட்ட அன்றே படபடப்பை அடக்கும். அதனால்தான் முதல் மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை ஊன்றுகோல் மாதிரி இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் மந்தமாக்கும். சில வாரத்திலேயே உடம்பு இதற்குப் பழகிவிடும். ஆகவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்குமேல் போகக்கூடாது என்பார்கள். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. பழகியபின் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நான் இதைத்தான் பழைய சீட்டை வைத்து இரண்டு மாதம் வாங்கித் தின்றேன். இதைத்தான் ஒரே நாளில் சாக்கடையில் போட்டேன்!

இன்னொரு விஷயமும் அவரே சொன்னார். "இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு, மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல, சாகணும்ங்கிற எண்ணம் சில பேருக்குக் கூடலாம். வந்துச்சுன்னா அடுத்த தேதிக்குக் காத்திருக்காதே, அன்னைக்கே வா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்கு மேடம் குடுக்குறீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல கேள்வி. மூணாவது கட்டத்தைப் பாரு" என்றார்.

இதைப் பற்றி அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் வைத்து நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 4,400 பேருக்கு மேல். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு. அந்த ஆய்வுகளில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த ஆண்டே மருந்து அட்டையில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். 2007-ல் அதை 18 முதல் 24 வயது வரை நீட்டினார்கள். நம் வயதுதான்!

'இரண்டு மடங்கு ஆபத்து' என்று சொன்னால் வயிறு கலங்குகிறது. 'நூற்றுக்கு இரண்டு, நான்காகிறது' என்று சொன்னால் யோசிக்க முடிகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். கணக்கை முழுதாகப் பார்க்காமல் பயப்படவும் கூடாது, அலட்சியம் செய்யவும் கூடாது. மூன்றாவது கட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? கவனிக்காமல் விட்ட மனச்சோர்வே அந்த எண்ணத்தைக் கொண்டுவரும் என்பதுதான். எனக்கு மாத்திரையை நிறுத்திய பிறகுதானே வந்தது?

கடைசியில் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இப்ப நீ சொல்லு, உனக்கு என்ன தோணுது?" என்றார். மருத்துவமனையில் ஒரு டாக்டர் என் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எஸ்சிடாலோபிராமைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். குளோனசெபாமைச் சின்ன அளவில் திரும்பக் கொடுத்து, வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து அடியோடு நிறுத்துவது. அதுவரை லேத் பக்கம் போகாமல் ஃபிட்டிங் பிரிவில் இருப்பது. வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேசுவது. முதல் மாதம் என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடமும் அந்த நண்பனிடமும் ஒப்படைத்தார்.

இது நமக்குத் தெரிந்த பாடம்தான்

'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' எல்லோரும் படித்திருக்கிறோம். ஷாஃப்டின் அளவு மேல் எல்லையைத் தாண்டினாலும் ரிஜெக்ட், கீழ் எல்லைக்குக் குறைந்தாலும் ரிஜெக்ட். மருந்தும் அப்படித்தான்.

லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதை மன எழுச்சி நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். ஒரு காலம் மிதமிஞ்சிய எழுச்சி, ஒரு காலம் ஆழ்ந்த சோர்வு என்று மாறிமாறி வரும் இருதுருவ நோய் திரும்ப வராமல் தடுப்பதில் இன்றும் இது முன்வரிசை மருந்து. ஆனால் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பலன் கிடைக்காது. 1.5-ஐத் தாண்டினால் வாந்தி, தள்ளாட்டம், கடும் நடுக்கம் என்று நஞ்சாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினாலே அளவு ஏறிவிடும். மூட்டு வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் என்று கடையில் வாங்கிப் போட்டாலும் ஏறும். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தத்தில் லித்தியம் அளவும், சிறுநீரகமும், தைராய்டும் பார்க்கிறார்கள். கோ, நோ-கோ கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அது போலத்தான்.

குளோசபின் கதை இன்னும் முக்கியமானது. 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்து சாப்பிட்ட சிலருக்கு இரத்த வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஒதுக்கப்பட்டது. ஆனால் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய ஒரு ஆய்வு 1988-ல் வெளிவந்தது. பழைய மருந்தான குளோர்புரோமசின் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேர் தேறினார்கள். குளோசபின் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 30 பேர்! 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆபத்து காணாமல் போகவில்லை. அதைக் கண்காணிக்க வழி செய்துவிட்டு நன்மையை எடுத்துக்கொண்டார்கள். நாம் லேத்துக்கு கார்டு போட்டு ஓட்டுகிறோம், லேத்தையே விற்றுவிடுவதில்லை அல்லவா?

நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் கொடுக்கப்படும் சோடியம் வால்புரோயேட்டை கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால், சுமார் பத்தில் ஒரு குழந்தை பிறவிக் குறையோடு பிறக்கிறது. வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்தங்கும் குழந்தைகள் நூற்றுக்கு 30 முதல் 40 வரை. கல்யாணம் நிச்சயம் ஆகும்வரை காத்திருக்காமல், சீட்டு எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வலிப்பு வரும், நோய் திரும்பும்.

இரண்டு பக்கத்துக் குரல்கள்

"மாத்திரையெல்லாம் எதுக்கு? மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று ஒரு குரல். சொல்பவர்கள் நல்லவர்கள்தான், நம் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பார்த்து அப்படிச் சொல்வார்களா? இந்தக் குரலில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பிலேயே மாத்திரை வேண்டாம், பேச்சுச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் முதலில் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே "எனக்கு மாத்திரை அவசியம்தானா டாக்டர்?" என்பது திமிர்க் கேள்வி அல்ல. ஆனால் நோய் லேசா, கடுமையா என்று தீர்மானிப்பது பக்கத்து வீட்டுக்காரர் வேலையும் அல்ல.

நம் ஊரில் மாத்திரைக்கு முன்னால் கேலி வந்து நிற்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம்! கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையின் ஆரம்பம் 1794. இருநூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடத்தை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சிகிச்சை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் எர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மூன்றாவது கட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

இன்னொரு குரல்: "டாக்டர் குடுத்தா சாப்பிடணும், எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது." இதுவும் தவறு. 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நோய் என்ன, என்ன சிகிச்சை தரப் போகிறார்கள், தெரிந்த பக்க விளைவுகள் என்ன என்பதை நமக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. "தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேட்பது சலுகை கேட்பதல்ல, சட்டம் கொடுத்தது.

சட்டத்துக்கு வெகு காலம் முன்பே வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டார். மருத்துவத்துக்கு நான்கு கூறு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். பட்டியலில் முதலில் நிற்பவர் யார்? நோயாளி! அந்த நோயாளி வாயை மூடிக்கொண்டால் நான்கில் ஒரு கால் ஒடிந்த நாற்காலிதான். நான்காவது கூறு யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன்.

பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள்

"கூட்டத்துல டாக்டருக்கு எங்கப்பா நேரம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் பேப்பர். உள்ளே போனதும் நமக்கு எல்லாம் மறந்துவிடும். ஒரு பக்கத்தில் கேட்க வேண்டியது:

1. எனக்கு என்ன நோய்? இதற்கு மாத்திரை அவசியமா, வேறு வழி உண்டா?
2. இந்த மாத்திரை எதற்காக? எத்தனை நாளில் பலன் தெரியும்?
3. சாதாரணமாக வரும் பக்க விளைவு எது? உடனே ஓடி வர வேண்டிய பக்க விளைவு எது?
4. சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?
5. எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? எப்படிக் குறைத்து நிறுத்துவது?
6. இரத்தப் பரிசோதனை ஏதாவது தேவையா?
7. ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது?

மறுபக்கத்தில் நாம் சொல்ல வேண்டியது: மெஷினில் வேலை செய்கிறேன், ராத்திரி பைக் ஓட்டுகிறேன், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் (நாட்டு மருந்தும் சேர்த்து), குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இருதுருவ நோய் உண்டா. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். அந்த நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் எழுச்சிப் பக்கம் தூக்கிவிடலாம்.

வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. எஸ்சிடாலோபிராம் வகை மாத்திரைகள் தாம்பத்திய ஆசையையும் சக்தியையும் குறைக்கலாம். அதை நான் கேட்டபோது என் காது இரண்டும் சிவந்துவிட்டது. டாக்டரம்மா சாதாரணமாக, "வரலாம், வந்தா சொல்லு, அளவை மாத்தலாம், மருந்தையே மாத்தலாம்" என்றார். கேட்க வெட்கப்பட்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துபவர்கள் எத்தனை பேரோ!

நண்பனுக்குக் கொடுத்த மாத்திரையை நாம் சாப்பிடுவது, பழைய சீட்டில் வாங்குவது, பரீட்சைக்கு முந்தின நாள் தூக்க மாத்திரை போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவனுக்குப் போட்ட மூன்று கட்டம் வேறு, நமக்கு வேறு.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

மனநலப் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் வகுப்பு நாளில்தான் போக வேண்டியிருக்கிறது. போனால் ஆப்சென்ட். 'எங்க போன?' என்று எல்லார் முன்னாலும் கேள்வி. இதற்குப் பயந்தே டாக்டரைப் பார்க்காமல் பழைய சீட்டை நீட்டுகிறோம். ஓ.பி. சீட்டைத் துறைத் தலைவரிடம் மட்டும் காட்டினால் போதும், வருகைப் பதிவு கழியாது, காரணம் வெளியே போகாது என்ற ஏற்பாட்டை நம் பேரவை நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். தூக்க மருந்து சாப்பிடும் மாணவருக்குச் சில வாரம் மெஷின் வேலைக்குப் பதில் வேறு வேலை கொடுக்கவும் வழி வேண்டும். அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416-ஐ நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடவும் வேண்டும். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட சேவை அது.

முடிவாக...

இன்று நான் மூன்றாம் ஆண்டு. அரியர் இரண்டையும் முடித்துவிட்டேன், விட்டுப்போன பிராக்டிகலையும் எழுதிவிட்டேன். குளோனசெபாம் நின்று பல மாதமாகிறது. எஸ்சிடாலோபிராம் இன்னும் சாப்பிடுகிறேன். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அந்தக் கெடு முடிகிறது. குறைக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் தொடரலாமா என்று பேச வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ வரும் நேரம். இப்போது குறைப்பது நல்லதா என்று எனக்கே சந்தேகம். அதையும் பேப்பரில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். முடிவு என்னவாக இருந்தாலும், அது நானும் அவரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நண்பர்களே! நம் பக்கத்து பெஞ்சில், பக்கத்து லேத்தில் ஒருவன் மப்பாக நின்றால் "என்னடா, நைட்டு படமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள். தேவைப்பட்டால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். உள்ளே போகும்போது அவன் கையில் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள்.



- மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை